மைக் இல்லாமல் ஒரு மார்ஷல்

ஆகஸ்ட் 13, ஞாயிறு

புது நோட்டு. பின்னாளில் எங்கள் திரைப்படக் கழகத்தின் வரலாற்றை யாராவது எழுத வந்தால் குழம்பக் கூடாது என்பதால் முதல் பக்கத்திலேயே விவரத்தை எழுதிவிடுகிறேன். நான் இன்னாசிமுத்து. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லில் பதினான்கு வருடமாக, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, ஆசிரியர் சங்கக் கட்டட மாடியில் உலகப் படம் போடுகிறோம். கழகத்தின் செயலாளர் நான். பதினான்கு வருடமும் நானேதான். வேறு யார் இருக்கிறார்கள்?

படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து மைக்கில் தமிழில் சொல்வேன். வெறுமனே சொல்வதில்லை, விளக்குவேன். யார் நல்லவன், யாரை நம்பக் கூடாது, அந்த ஊரில் ஏன் இத்தனை பனி, எல்லாம் வரும். ஒருவன் சாகப் போகிறான் என்றால் ஒரு நிமிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன். ஜனங்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டாமா?

படம் முடிந்ததும் எல்லோரும் கருத்துச் சீட்டில் இரண்டு வரி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அது எங்கள் கழகத்து வழக்கம். வீட்டுக்கு வந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்க, என் மனைவி பிலோமினா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவாள். இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மாதம் முழுக்க அலைகிறேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இன்று முப்பத்தொரு பேர். மழை வருகிற மாதிரி இருந்ததால் கூட்டம் குறைவு. போன மாதம் வெயில். அதற்கு முந்தின மாதம் முகூர்த்த நாள். ஆனால் சீட்டுகள்! "ஐயா விளக்கியதால்தான் படம் புரிந்தது." "ஐயாவின் குரல் கணீரென்று இருந்தது." ஒருவர் தப்பாமல் எல்லோரும் பாராட்டு. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நடையில் எழுதுகிறார்கள், அதுதான் ஆச்சரியம்.

ஒரு குறை. பிலோமினா ஒவ்வொரு படத்துக்கும் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து ஒரு இடத்தை வீணாக்குகிறாள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

சந்தோஷம் தாங்கவில்லை! அடுத்த மாதத்துக்கு ஒரு போர்ப் படம் கிடைத்திருக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு சர்வாதிகாரியின் கடைசிப் பதினோரு நாட்கள். எல்லோரும் அவனை மார்ஷல் என்று கூப்பிடுகிறார்கள். மலைமேல் ஒரு ஹோட்டல், சுற்றிலும் பனி, கீழே இருந்து எதிரிப் படை ஏறி வருகிறது. ஏதோ ஒரு மலைநாட்டு மொழி. அந்த மொழியின் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்று விதமாக வந்தது. இருக்கட்டும், படம் போடும் ஞாயிறு வருவதற்குள் நாக்கு பழகிவிடும்.

இணையத்தில் கதைச்சுருக்கம் கிடைத்தது. இப்போதே விளக்கவுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். சர்வாதிகாரம் என்றால் என்ன, அது எப்படி ஆரம்பிக்கிறது, அதற்கு ஏன் கண் தெரிவதில்லை என்று நான்கு பக்கம். அதுவே முன்னுரைதான்.

சமையலறைக்குப் போய் பிலோமினாவிடம் சொன்னேன். "நல்லதுங்க, அப்படியே மோட்டாரையும் ஒரு பார்வை பாருங்க, தண்ணி ஏறல" என்றாள். பார்த்தேன். கன்டென்சர் போய்விட்டது. மாற்றினேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

செயற்குழுக் கூட்டம். எழுதவே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் வரலாறு வேண்டுமே.

பேகம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜமீலா எங்கள் செயற்குழு உறுப்பினர். நன்றாகப் படித்த பெண், பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். எழுந்து நின்று சொன்னாள்:

"சார், இந்தப் படத்துக்கு நான் தமிழ்லயே எழுத்து போட்டுத் தரேன். திரைக்குக் கீழ தமிழ் ஓடும். மைக் வேணாம் சார், இந்த ஒரு தடவை."

"எழுத்து ஓடுனா போதுமா? விளக்கம் யாரு சொல்றது?" என்றேன்.

"படமே சொல்லும் சார்."

நான் தலைவர் ரங்கராஜுலுவைப் பார்த்தேன். தபால் துறையில் பெரிய பதவியில் இருந்தவர், எனக்கு இருபது வருடச் சிநேகம். அவர் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "இன்னாசி, இந்த ஒரு மாசம் விட்டுத்தான் பாரேன்யா" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பதினான்கு வருடச் சீட்டுகளில் ஒன்றிலாவது மைக் வேண்டாம் என்று எவனாவது எழுதியிருக்கிறானா என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "சரி, மைக் இல்லாமலே போடுவோம். அன்னைக்கு வர்ற சீட்டு முடிவு பண்ணட்டும். மைக் வேணும்னு நிறையச் சீட்டு வந்தா, அப்புறம் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. வேணாம்னு வந்தா நான் மைக்கை இனிமே தொடமாட்டேன்" என்றேன்.

"சீட்ட யாரு எண்ணுறது?" என்றாள் ஜமீலா.

"வழக்கம்போல பிலோமினா படிக்கட்டும். அந்த அம்மா சொன்னா சரியா இருக்கும்" என்றார் ரங்கராஜுலு. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஜமீலாவும் ஒத்துக்கொண்டாள்! தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் "நீதான் நீதிபதி" என்றேன் சிரித்துக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை. "என்னை எதுக்குங்க இதுல இழுத்து விடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் சமையலறைக்குள் போனாள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். விளக்கவுரை ஏழு பக்கம்.

மைக் இல்லை என்றால் விளக்கவுரை எதற்கு என்று பிலோமினா கேட்டாள். அக்டோபரில் மைக் திரும்பி வந்ததும் இதே படத்தை மறுபடி போடப்போகிறேன், அதற்கு என்றேன். ஜெயிப்பது உறுதி என்று தெரிந்த பிறகு அடுத்ததை யோசிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

படத்தை முன்கூட்டிப் பார்க்கத் தரும்படி ஜமீலாவுக்குப் போன் செய்தேன். செயலாளர் முதலில் பார்ப்பதுதான் முறை. "இன்னும் தமிழ் எழுத்து முடியல சார். அன்னைக்கே எல்லாரோடயும் பாருங்களேன், நல்லா இருக்கும்" என்கிறாள். எல்லோரோடும் பார்ப்பதற்கு நான் எதற்குச் செயலாளர்?

பரவாயில்லை. கதைச்சுருக்கம் எனக்கு மனப்பாடம். மூன்று தளபதிகள், ஒரு சமையல்காரன், ஒரு பல் வைத்தியர். ஒரு டெலிபோன் பெண்ணும் வருகிறாள், அவள் முக்கியமில்லை. பன்னிரண்டு பக்க விளக்கவுரையில் அவளுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

சாயங்காலம் பிலோமினாவிடம் கப்பல் படத்துச் சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கழகம் ஆரம்பித்த மூன்றாவது மாதம் அது. ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயாவின் குரல் இல்லாவிட்டால் நாங்கள் அனைவரும் நடுக்கடலில் மூழ்கியிருப்போம்." பதினான்கு வருடம் ஆகியும் எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "எழுதுனவரு யாருன்னு தெரிஞ்சா வீட்டுக்கே போய்க் கை குடுத்துட்டு வருவேன் பிலோ" என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டையும் சேர்த்து இலைப் பக்கம் போட்டாள். வயசாகிறது.

செப்டம்பர் 3, ஞாயிறு

சுவரொட்டி ஒட்டினேன். பேருந்து நிலையம், நாகல் நகர், நூலகச் சுவர். ஜமீலா அச்சடித்துத் தந்த சுவரொட்டியில் கீழே பெரிதாக "தமிழ் எழுத்துகளுடன். மைக் விளக்கம் கிடையாது" என்று இருந்தது. இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டுமா? நூலகத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "அப்ப வரலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தமிழ் எழுத்தைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

மாதா திருநாள். பிலோமினா காலைப் பூசைக்குப் போய் நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்றேன். "பொய் சொல்லாம இருக்கணும்னு" என்றாள். பெண்களின் வேண்டுதலே தனி. வழியில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கினோம்.

செப்டம்பர் 9, சனி

நாளை! மதியம் படுத்தால் தூக்கம் வரவில்லை. மார்ஷல் மார்ஷல் என்று மனசு அடித்துக்கொள்கிறது. புரொஜக்டரைத் துடைத்து, ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, மைக்கையும் துடைத்தேன். பழக்கம். துடைத்த பிறகுதான் நாளைக்கு அது வேண்டாம் என்று ஞாபகம் வந்தது. பெட்டியில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பைக்குள் போட்டேன். தமிழ் எழுத்து பாதியில் நின்றுவிட்டால் யார் காப்பாற்றுவது?

செப்டம்பர் 10, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மூன்றரை மணிக்கே நாற்பது பேர். நான்கு மணிக்கு நாற்காலி போதவில்லை. கீழ்த்தளத்தில் இருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தோம். தொண்ணூற்றாறு பேர்! ஐந்தாறு வருடமாக வராத முகங்கள் எல்லாம் வந்திருந்தன. நான் ஒட்டிய சுவரொட்டி என்று ரங்கராஜுலுவிடம் சொன்னேன். "ஆமாய்யா" என்று தோளில் தட்டினார்.

விளக்கு அணைந்ததும் என் கால் தானாக ஸ்டூலை நோக்கிப் போனது. ஸ்டூலில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கே உட்காருவது என்று இருட்டில் முழித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வரிசையில் பிலோமினா தன் பக்கத்து நாற்காலியில் இருந்து கைப்பையை எடுத்தாள். அந்த ஒரு இடம்தான் காலி. போய் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடம் பெரிய அவஸ்தை. பனியில் கார்கள் மலை ஏறுகின்றன. கார் ஏன் விளக்கில்லாமல் போகிறது என்று எனக்குத் தெரியும், சொல்ல முடியவில்லை. நாக்கு துறுதுறுத்தது. எதிரி விமானத்துக்குப் பயந்து என்று எவனாவது சொல்ல மாட்டானா என்று பார்த்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா தன் மகளிடம், "பிளேன்காரன் பாத்துருவான்னு லைட்ட அணைச்சுட்டாங்க" என்று கிசுகிசுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கே தெரிகிறது!

அதற்கப்புறம் நான் என்னை மறந்துவிட்டேன். பதினான்கு வருடமாக நான் பார்த்ததெல்லாம் திரையின் கீழே ஓடும் எழுத்தைத்தான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. முகங்களை நான் பார்த்ததே இல்லை. இத்தனை பெரிய கண் அந்த மார்ஷலுக்கு! பல் வலிக்கிறது அவனுக்கு, ஆனால் வைத்தியரை வாயைத் தொட விடுவதில்லை. யாரையும் நம்புவதில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர. அந்த டெலிபோன் பெண். நான் முக்கியமில்லை என்று எழுதினேனே, அவள்தான் படமே.

தினமும் காலையில் அவள் காதில் கருவியை வைத்து, போர்முனையில் இருந்து வரும் செய்தியைச் சீட்டில் எழுதி, மார்ஷலிடம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுவாள். "ஏழாம் படை ஆற்றைக் கடந்துவிட்டது." அவன் முகம் குழந்தை மாதிரி மலரும். மூன்றாம் நாள் குண்டு விழுந்து லைன் அறுந்துவிடுகிறது. அவள் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு எழுந்து போய் அவன் முன்னால் நின்று படிக்கிறாள்: "ஏழாம் படை நகரத்தைப் பிடித்துவிட்டது." நான்காம் நாளும் படிக்கிறாள். ஐந்தாம் நாளும். ஏழாம் படையில் ஒருவனும் உயிரோடு இல்லை.

பதினோராம் நாள் அவள் கையில் இருந்து சீட்டு நழுவி விழுகிறது. மார்ஷல் குனிந்து எடுக்கிறான். இரண்டு பக்கமும் வெற்றுக் காகிதம்.

என் வாய் திறந்துவிட்டது. "பாருங்க, வெறும் சீட்டு!" என்று சொல்ல வந்துவிட்டேன். பிலோமினா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். திரையைப் பார்க்காமல் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ஷல் அந்த வெற்றுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கும் வா" என்கிறான். கீழே வண்டிகள் ஏறி வரும் சத்தம். படம் முடிந்துவிட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், மாடி அதிர்ந்தது! நானும் தட்டினேன், கை எரியும்வரை. ஜமீலா அழுதுகொண்டே சிரித்தாள். "எப்படி சார் இருந்துச்சு?" என்றாள். அபாரம் என்றேன். அந்த நிமிடம் மைக் ஞாபகமே இல்லை. பையில் அதுபாட்டுக்குக் கிடந்தது.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். வயரைச் சுருட்ட உட்கார்ந்து, "படி" என்றேன். தலை வலிக்கிறது, காலையில் படிக்கிறேன் என்றாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. சீட்டுப் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த டெலிபோன் பெண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. ஒரு வேளை வேறு படத்தில் நடித்திருப்பாள்.

செப்டம்பர் 11, திங்கள்

காலை ஏழரைக்குக் காபியும் சீட்டுப் பெட்டியும் வந்தன. நான் வயரை எடுக்கவில்லை. நேற்று முகங்களைப் பார்த்துப் பழகிவிட்டது போல, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் சீட்டை எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். "படம் நல்லா இருந்துச்சு. ஆனா ஐயாவோட குரல் இல்லாம ஏதோ ஒரு குறையா இருந்துச்சு. விளக்கம் இருந்தாத்தான் எங்கள மாதிரி ஆளுகளுக்குப் புரியும். அடுத்த மாசம் ஐயா மைக்கோட வரணும்" என்று படித்தாள்.

சன்னல் வெளிச்சம் சீட்டின் பின்னால் இருந்து வந்தது. எழுத்து என் பக்கம் இடம்வலம் மாறித் தெரிந்தது. சீட்டில் இருந்தது ஒரு வரி. அவள் படித்தது நான்கு வரி.

இரண்டாவது சீட்டை எடுத்தாள். அதில் இரண்டே வார்த்தை. அதற்கும் நான்கு வரி படித்தாள். அவள் கண் சீட்டில் நகரவே இல்லை. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது, "ஐயா", "ஐயா" என்று.

அந்த டெலிபோன் பெண்ணை எங்கே பார்த்தேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிலோ" என்றேன். "லைன் அறுந்து எத்தனை நாளாச்சு?"

சீட்டை மேஜையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"கப்பல் படத்துலேருந்து" என்றாள்.

காபியைக் கீழே வைத்தேன். "அப்ப, அந்த நடுக்கடல்ல மூழ்கியிருப்போம்னு எழுதுனது?"

"அது நான் சொன்னதுங்க. அன்னைக்கு நூத்து இருபது சீட்டு. எல்லாத்துலயும் மைக்க நிறுத்துங்க, மைக்க நிறுத்துங்கன்னுதான் இருந்துச்சு. நீங்க வயரச் சுருட்டிக்கிட்டு, படி படின்னு பரீட்சை எழுதுன புள்ள மாதிரி உக்காந்திருந்தீங்க. எனக்கு வாய் வரல. ஒரு தடவைதானேன்னு சொன்னேன். அடுத்த மாசம் இன்னும் சந்தோசமா உக்காந்தீங்க."

கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவமானம் காது வரை சுட்டது. ஆரம்பத்தில் வந்த நூற்று நாற்பது பேர் முப்பத்தொன்றாகக் குறைந்தது மழையாலும் வெயிலாலும் இல்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஏழாம் படை ஆற்றைக் கடந்துகொண்டே இருந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள். காபி ஆறிவிட்டது. "நேத்தே சொல்லணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணப் பாத்ததும் உடம்பெல்லாம் வெடவெடன்னு ஆயிருச்சு" என்றாள். "இன்னைக்கும் வாயத் தொறந்தா அதுவே வருது. என்ன செய்ய?"

"நீ படிக்க வேணாம். குடு" என்றேன்.

மொத்தம் எண்பத்தெட்டுச் சீட்டு. முதல் முறையாக நானே படித்தேன். "இப்படியே போடுங்கள்." "முதல் முறையாக ஒரு படத்தில் அழுதேன், குறுக்கே யாரும் பேசவில்லை." "கடைசிவரை முடிவு தெரியாமல் பார்த்தேன், நன்றி." "மின்விசிறி வேண்டும்." "இன்னாசி சார் நல்ல மனிதர், அவர் மனம் புண்படாமல் மைக்கை மட்டும் வாங்கிவிடுங்கள்." இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலோமினா என்னைப் பயந்து பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். அழுகையும் கலந்த சிரிப்பு. மைக் வேண்டும் என்று ஒன்றுகூட இல்லை.

ஜமீலாவுக்குப் போன் செய்து முடிவைச் சொன்னேன். பிலோமினா எண்ணினாளா என்று கேட்டாள். நானே எண்ணினேன் என்றேன். "அக்டோபர் படத்தை முன்னாடி எனக்குக் காட்டாத. முடிவையும் சொல்லாத, கேட்டாலும் சொல்லாத" என்று சொல்லி வைத்தேன். இப்போதே மனசு பரபரக்கிறது, என்ன படமோ!

பன்னிரண்டு பக்க விளக்கவுரையைக் கிழிக்க மனசு வரவில்லை. பிலோமினா பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதிக்கொள்கிறேன் என்றாள். கொடுத்துவிட்டேன்.

பெட்டியை மூடப் போகும்போது அடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்பதாவது. நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த கையெழுத்து, பால் கணக்கு எழுதும் அதே சாய்ந்த எழுத்து. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். நின்றுகொண்டே படித்தேன்.

"பதினான்கு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்தேன். இன்று பையை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்தேன்."